பாலையிலும் நம் ஊரிலும் ஒரே மரம்



சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள மீனவர் குடியிருப்பு நொச்சிக்குப்பம். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆவி பிடிக்க நம் தாய்மார்கள் தேடும் நொச்சியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் அது. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் திருவான்மியூர் வரும். அவ்வூர் மருந்தீசுவரர் ஆலயத்தின் தல மரம் வன்னி. இந்துச் சகோதரர்கள் விஜயதசமி நாளில் சிறப்புச் செய்யும் மரமும் அதுவே.

அந்த வன்னி நமக்கும் அந்நியமானதன்று. துபாயிலும் அபுதாபியிலும் உழைக்கும் நம் வீட்டு ஆண்மக்கள் பாலைவனத்தில் காணும் 'காஃப்' மரம் இதே வன்னிதான்! ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமாகிய அதனையே, 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது, அந்நாடு அதன் சின்னமாக்கியது. அம்மர நிழலில் கூடியமர்ந்து ஆலோசிப்பது பாலைவனக் குலத்தாரின் நெடுநாள் வழக்கம்.

மழை பொய்த்தாலும் வன்னி பசுமை குன்றுவதில்லை. அதன் ஆணிவேர் 30 மீட்டர் ஆழத்திற்கும் சென்று நீரைத் தேடும். இலை ஒட்டகத்திற்கும் ஆட்டிற்கும் தீவனம். காய் மனிதருக்கும் உணவு. பஹ்ரைனின் மணல்வெளியில் தன்னந்தனியே நிற்கும் 'வாழ்வு மரம்' 400 ஆண்டுகள் கடந்த வன்னியே. ராஜஸ்தானில் இதன் பெயர் கேஜ்ரி. அதை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் நீத்தனர்.

இதன் உண்மையான பெருமை எது தெரியுமா? தன் நிழலில் பிறரையும் வாழவிடுவதுதான். ராஜஸ்தான் உழவர்கள் இதை வயலின் நடுவே விட்டுவைத்துச் சுற்றிலும் கம்பு விதைக்கிறார்கள். மண்ணும் வளம் பெறுகிறது. இதன் உறவினமாகிய சீமைக்கருவேலோ வேறு குணமுடையது. வெளிநாட்டிலிருந்து வந்து, இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் மண்டி, நாட்டுச் செடிகளை நெருக்கி அழிக்கிறது. வறட்சியைத் தாங்கும் வலிமை இரண்டுக்கும் உண்டு. பிறருக்கு இடம் தரும் பண்பு வன்னிக்கே உண்டு.

உங்கள் ஊர் மையவாடி ஓரத்தில் சீமைக்கருவேல் மண்டியிருந்தால், ஜமாஅத்தார் அதனை அகற்றி ஒரு வன்னிக் கன்றை நடலாமே! மெதுவாகத்தான் வளரும். ஆனால் நம் பேரப்பிள்ளைகள் அதன் நிழலில் நிற்பார்கள். கடல் கடந்து உழைக்கும் தந்தை பார்த்த மரம் இதுதான் என்று அன்று அவர்களுக்குச் சொல்ல ஒரு மரமேனும் நம் மண்ணில் இருக்கட்டும்.