பதுக்கை

தம்புள்ளை என்றதும் யாத்திரிகர்களுக்குக் குன்றின்மேலுள்ள குகைக் கோயிலும், இராக்கண் விழித்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்களுக்கு மொத்தச் சந்தையும் ஞாபகத்துக்கு வரும். இவ்விரண்டையும் விட்டுத் தென்மேற்கே சில கிலோமீற்றர் சென்றால், தம்புளு ஓயாவின் அருகே, ஜனசஞ்சாரம் அதிகமில்லாத இப்பன்கட்டுவ என்னும் இடத்தை அடையலாம். வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் சில மாத மழையைக் குளத்தில் தேக்கி வைத்து, எஞ்சிய மாதங்களை அந்நீரைக் கொண்டே கழிக்கும் வறண்ட பூமி அது.

அங்கே 1980களில் நடந்த அகழ்வில் வெளிப்பட்ட மயானம் ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழமையுடையது. பலகைக் கற்களை நாற்புறமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடி, உள்ளே எரித்த எலும்பையும் சாம்பலையும் மட்பாண்டங்களோடு வைத்திருக்கிறார்கள். கொங்குநாட்டுக் கொடுமணலில் இத்தகைய அமைப்பைப் பார்த்தவர்கள் இதனைப் பதுக்கை என்று உடனே சொல்லிவிடுவார்கள். இங்கே கிடைத்த மணிகளுள் சூதுபவளமும் உண்டு. அக்கல் இந்தத் தீவில் விளைவதன்று, கடல் கடந்து வந்தது. இறந்தவனுக்காக அவ்வளவு தூரத்துப் பொருளை மனமுவந்து மண்ணுக்குக் கொடுத்தவர்கள் தமிழரா சிங்களவரா என்று என்னோடு வந்த நண்பர் விசாரிக்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியே அவர்களுக்கு விளங்கியிராது என்றேன். நண்பருக்கு அது திருப்தியளிக்கவில்லை.

எனக்கோ வேறொரு நினைவு. கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் கங்காணிக்குப் பின்னால் வனாந்தரத்தினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து மாத்தளையை அடைந்த வடபாதை இந்த ஊர்வழியேதான் சென்றது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் தின்றவர்களின் தொகையை யார் சரியாக எண்ணினார்கள்? தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் 1914இல் வந்து சேர்வதற்குள், அவர்களுடைய எலும்புகள் காட்டோடு காடாகிவிட்டன. கண்டிச்சீமைக்கு நடந்த தன் பாட்டனாரின் தமையன் தம்புள்ளைக்கு இப்பால் பேதியில் விழுந்தார் என்றும், கூட்டம் நிற்காமல் போய்விட்டது என்றும் என் அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த மரத்தடி என்று அவளுக்கும் தெரியாது. 2023இல், மலையகத்தாரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் இவ்வழியே சென்றபோது, பாதையோரத்து முதிரை மரங்களையெல்லாம் நான் ஒருவிதச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதுக்கைகளின் ஓரத்தில் நெடுநேரம் நின்றிருந்த என்னைக் கண்டு, காவற்காரர் அருகே வந்து, எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தளை என்றேன்.

"மாத்தளையா! அது கிட்டத்தானே மாத்தயா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்."

நாலந்தையில் ஓரிரவு தங்கினால், நடந்துபோக இரண்டு நாள் என்று அப்பாயி சொல்வாள்.