பாலிஷ் போட முதல்ல மேஜை வேணும்

நமக்குப் பிடிக்காத முடிவைச் சொல்ற ஆளோட வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வாட்ஸப்பில் தினம் பண்றோம். நமக்குப் பிடிச்ச முடிவையே ஒருத்தர் சொல்லும்போது அவர் கணக்கைச் சரிபார்க்கிறதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் காலேஜ் முதல் வருஷம் படிக்கிற சித்தி பொண்ணுக்கு ஒரு அசைன்மென்ட். ஒரு கட்டுரையில் இருக்கிற வாதம் தேறுமா தேறாதான்னு மதிப்பிட்டு எழுதணும். அவளுக்கு வந்தது, நிக்கோலஸ் கார் 2008-ல் 'தி அட்லாண்டிக்' பத்திரிகையில் எழுதின 'இஸ் கூகிள் மேக்கிங் அஸ் ஸ்டுப்பிட்?'. இணையம் நம்ம ஆழ்ந்து படிக்கிற, யோசிக்கிற சக்தியைக் கரைக்குதுங்கிறதுதான் அதன் சாரம். "அண்ணா, எழுதிட்டேன். லைட்டா பாலிஷ் மட்டும் பண்ணிக் குடேன்"னு ட்ராஃப்டை அனுப்பினாள்.

இங்கிலீஷில் ஒரு தப்பு இல்லை. ஆனா பாலிஷ் போடணும்னா முதல்ல மேஜை இருக்கணுமில்லையா? பாதி பக்கம் கார் சொன்னதோட சுருக்கம். மீதி, "ஆமா, என்னாலயும் இப்பல்லாம் ஒரு புத்தகத்தை முழுசா படிக்க முடியலை". அது அவளோட அபிப்பிராயம், மதிப்பீடு இல்லை.

ஸ்டீபன் டூல்மின் 1958-ல் எழுதின புத்தகத்தில் ஒரு வாதத்தைப் பிரிச்சுப் போட்டுக் காட்டினார். முடிவு ஒண்ணு, ஆதாரம் ஒண்ணு, ரெண்டையும் இணைக்கிற அனுமானம் ஒண்ணு. இந்த மூணாவது பெரும்பாலும் வாயால் சொல்லப்படாது. பாலம் உடையறது அங்கேதான்.

நான் ஃபைலைத் தொடலை. நான் எழுதிக் குடுத்தா அது என் கட்டுரை, அவ பேரில் போகக்கூடாது. கேள்வி மட்டும் கேட்டேன்.

கார் தன் அனுபவத்தையும் நண்பர்கள் அனுபவத்தையும் சொல்றார். அது எத்தனை பேருக்குப் பொருந்தும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வைச் சொல்றார். ரெண்டு ஆராய்ச்சித் தளங்களோட லாக் பார்த்தா, ஜனங்க ஒண்ணு ரெண்டு பக்கம் மேஞ்சுட்டு அடுத்ததுக்குத் தாவறாங்க. சரி, அதே ஆள் வீட்டில் நாவலை எடுத்தா எப்படிப் படிக்கிறார்னு லாக் ஃபைலுக்குத் தெரியுமா? 1882-ல் தட்டச்சுப் பொறிக்கு மாறின நீட்ஷேவோட நடையே மாறிடுச்சுங்கிறார். அந்த மனுஷனுக்குக் கண் பார்வை போய்க்கிட்டிருந்ததுன்னும் அவரே சொல்றார். நடை மாறினதுக்கு வேற காரணம் இருக்கக்கூடாதா?

அவளுக்குக் கோவம். "அப்ப கார் சொல்றது பொய்ங்கறியா? எனக்கே நடக்குதே!"

அங்கேதான் விஷயமே. முடிவு உண்மையா இருக்கலாம், அதுக்குச் சொன்ன வாதம் நொண்டலாம். டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுங்கிறதால கோட் சரின்னு ஆயிடுமா என்ன? இதை அவ ஒத்துக்க ரெண்டு நாள் ஆச்சு.

ரெண்டாவது ட்ராஃப்ட் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ஞ்சுது. காரைக் கிழிகிழின்னு கிழிச்சிருந்தாள். மறுபடி கேள்வி. சொந்தக் கதைகள் பெரிசா எதையும் நிரூபிக்காதுன்னு அவரே ஒப்புக்கறாரே, அதை ஏன் விட்டே? எழுத்து வந்தா ஞாபக சக்தி போயிடும்னு சாக்ரடீஸ் பயந்ததையும் அவரே எடுத்துச் சொல்றாரே? அதையெல்லாம் மறைச்சுட்டு அடிச்சா வைக்கோல் பொம்மையை அடிச்ச மாதிரி.

மூணாவது ட்ராஃப்டில்தான் நிதானம் வந்துச்சு. 'இணையத்தில் நாம படிக்கிற விதம் மாறியிருக்குன்னு கார் நல்லா காட்டறார். நம்ம மனசே மாறிடுச்சுன்னு காட்டலை. எச்சரிக்கையா இது பலமான கட்டுரை, நிரூபணமா பலவீனமானது.' இது அவளா எழுதினது. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் பாலிஷ். நன்னூல் சொல்ற பத்துக் குற்றங்கள் ஸ்கூலில் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. இங்கிலீஷ் கட்டுரைக்கும் அது அப்படியே பொருந்துது. முன்னுரையையே முடிவுரையில் திரும்பச் சொன்னா கூறியது கூறல். போனைப் பத்தின சொந்தக் கதை மற்றொன்று விரித்தல். கடைசிப் பத்தி வழக்கம் போல சென்று தேய்ந்து இறுதல் :-)

வினைச்சொல்லையும் பார்க்கச் சொன்னேன். வரிக்கு வரி 'கார் சொல்கிறார்'னு இருந்துச்சு. எங்கே ஊகிக்கிறார், எங்கே ஒப்புக்கொள்கிறார், எங்கே எச்சரிக்கிறார்? அந்தச் சொல்லைச் சரியா போட்டாலே பாதி மதிப்பீடு முடிஞ்சுது. வெறும் பாலிஷ்னா இன்னிக்கு மெஷினே ரெண்டு செகண்டில் போட்டுடும். எது ஊகம், எது ஆதாரம்னு பிரிச்சுப் பார்க்கிறதை நாமதான் பழகிக்கணும்.

பி.கு: கார் இதே வாதத்தை இன்னும் நிறைய ஆய்வுகளோட விரிச்சு 2010-ல் 'தி ஷாலோஸ்'னு புத்தகமா கொண்டுவந்தார். 2011-ல் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் அது போச்சு. ஆக, அவரும் ட்ராஃப்டைத் திருத்தியிருக்கார்!