அளவு தெரிந்தவர்களே முதல் உறுப்பினர்

கொழும்பிலிருந்து வரும் ரயிலுக்கு ஹற்றனுக்கு முந்திய நிலையம் றொசல்ல. 1884இல் இந்தப் பாதை ஹற்றனை எட்டியபின் தேயிலைப் பெட்டிகள் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்குவது எளிதாயிற்று. இங்கே நின்று பார்த்தால் மலையகத் தோட்டம் எதுவும் சமதளத்துக் கிராமம்போல் பரந்து கிடப்பதில்லை என்பது புரியும். துரை பங்களா, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை, தொழிலாளரின் வரிசை வீடுகளான மேட்டு லயம், பணிய லயம் என எல்லாமே சரிவில் அடுக்கப்பட்டவை. ஒருவர் எந்த அடுக்கில் வாழ்கிறார் என்பதே அவருடைய இடத்தைச் சொல்லிவிடும். இப்படியொரு தோட்டத்தைக் கணினிக்குள் மெய்நிகர் மாதிரியாகக் கட்டத் தொண்டர் குழு அமைப்பதானால் யாரை முதலில் சேர்ப்பது? மென்பொருள் தெரிந்த இளைஞர்கள் பிறகு வரட்டும், லயத்தின் அளவு பழகிய தொழிலாளிதான் முதல் உறுப்பினர் என்பது என் வாதம்.

காரணம் அளவுகளிலேயே இருக்கிறது. பூமி முழுவதையும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் ஒன்றுக்கு ஒன்று அளவில் கட்டும் 'பில்ட் தி எர்த்' முயற்சி 2020இல் தொடங்கியது. நாடுவாரியாகக் குழுக்கள், தானாக உருவாகும் நிலப்பரப்பு, அதன்மேல் தொண்டர்கள் கையால் எழுப்பும் கட்டடங்கள் என்பது அதன் முறை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவு பெரும்பாலும் 30 மீற்றருக்கு ஒரு புள்ளிதான். இரண்டு லயங்களுக்கு இடையிலுள்ள படிக்கட்டும் மண்ணைத் தாங்கும் கல்லணையும் அந்த இடைவெளிக்குள் காணாமற்போகும். அந்த விளையாட்டில் ஒரு கட்டை ஒரு மீற்றர். 10 அடிக்கு 12 அடி லய அறையை, அதாவது காம்பராவை, நாலுக்கு நாலு கட்டையாக மேல்நோக்கி முழுமையாக்கினால், பரப்பு 11 சதுர மீற்றரிலிருந்து 16 ஆகிவிடும். தோட்டம் ஒருகாலமும் கொடுக்காத இடத்தைக் கணினி கொடுத்துவிடுகிறது. பார்ப்பவர் அதைத் தாராளமான வீடென்று நம்பிவிடுவார்.

வரைபடத்தில் ஏறாத வேறு பலவும் உண்டு. றொசல்லவுக்குப் பக்கத்து வட்டவளை, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதி. அந்த மழையைத் தாங்குவது தகரக் கூரையும் வாசலோரக் கானுமே. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை எங்கே, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் பிள்ளைகளை விட்டுச்செல்லும் புள்ளைக் காம்பராவுக்கும் இடையில் ஒரு தாய் எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்பவற்றை அங்கே வேலைசெய்தவரே சொல்ல முடியும். எனவே குழுவில் அளப்பவர், கட்டுபவர், சரிபார்ப்பவர் என மூன்று பொறுப்புகள் வேண்டும். 'இது எங்கள் லயம் இல்லை' என்று மாதிரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஓய்வுபெற்ற தொழிலாளர் கையில் இருக்க வேண்டும்.

கணினியையே தொடாதவர்கள் எப்படிச் சரிபார்ப்பார்கள் என்று கேட்கலாம். 2012இல் ஐ.நா. ஹபிடாட் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' திட்டம் இதற்குப் பதில் தந்திருக்கிறது. நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில் குடியிருப்பாளர்களே குழுவாகக் கணினிமுன் அமர்ந்து தங்கள் பொது இடத்தை வடிவமைத்தார்கள். கருவி பழகியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்றுண்டு: காணியும் வீடும் கிடைக்காதவர்களுக்குப் பொம்மை வீடு எதற்கு? நியாயமான கோபம். வீட்டுக்கான கோரிக்கைக்கு மாதிரி ஒருபோதும் மாற்றாகாது. ஆனால் இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் எழ எழ, லயங்கள் குறையத்தான் வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மக்களோடு புதைந்தன. விருப்பத்தோடு இடித்தாலும் பேரிடரில் போனாலும், அளவு பதியாத இடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதே வரலாறாக நிற்கும்.

லயத்தைப் பாதுகாப்பது அடிமைத்தனத்தை அலங்கரிப்பதாகாதா என்றும் கேட்பார்கள். கம்பளைக்கு அருகே 2007இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய லயத்திலேயே இயங்குகிறது. நெருக்கடியை மறைக்காமல் காட்டினால் அது அலங்காரமாகாது என்பதற்கு அதுவே சான்று. மெய்நிகர் மாதிரியிலும் வெறும் சுவர் போதாது. ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுத்தார்கள், அடுப்பு எங்கே எரிந்தது என்பதும் வேண்டும். இன்று ஆட்கள் வாழும் வீட்டின் உள்ளே அவர்கள் சம்மதமின்றி ஒரு படமும் எடுக்கக் கூடாது. ஆகவே குழு முழுத் தோட்டத்துக்கும் ஆசைப்படாமல் ஒரேயொரு லயத்தோடு தொடங்கட்டும். அதில் வாழ்ந்தவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த லயத்துக்கு அளவுநாடாவை எடுக்கட்டும்.