திருவிழா நாளில் இரட்டைக் குளிசை

அம்மன் கோயிலில் கொடியேறினால் எங்கள் ராணிக்குக் குளிசை கூடும். வெடி கொளுத்துகிற நாட்களில் பிறெட்னிசலோனை இரட்டிப்பாக்கச் சொல்லியிருந்தார் மிருக வைத்தியர். பயத்தைத் தாங்க மற்ற நாய்களுக்கு உடம்பே கோர்ட்டிசோலைச் சுரக்கும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற இரண்டு சின்னச் சுரப்பிகளின் வேலை அது. ராணிக்கு அவை பழுதாகிப்போயின.

முதலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சோற்றை மணந்துவிட்டுப் போகும், சத்தி எடுக்கும், பிறகு தானே தேறிப் படலைக்கு ஓடும். புழு என்றோம், உண்ணிக் காய்ச்சல் என்றோம். ஒரு மத்தியானம் பின்னங்கால் மடிந்து விழுந்த பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தது. சோடியம் இறங்கியிருந்தது, பொட்டாசியம் ஏறியிருந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 27க்குக் கீழே போனால் அடிசன் நோயைச் சந்தேகிப்பார்களாம். பொட்டாசியம் மிஞ்சினால் இதயமே நின்றுவிடும். சேலைன் ஏற ஏற ராணி தலையைத் தூக்கியதைப் பார்க்க வேண்டும்! வெறும் உப்புத் தண்ணீர்.

உப்பென்றால் எங்களுக்கு ஆனையிறவுதான். யுத்தம் அந்த உப்பளத்தையும் மூடியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மனிதருக்கே மருந்தில்லை, நாயை யார் பார்த்தது? 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, நாய்களை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். ஷெல் விழுமுன்பே கட்டிலுக்குக் கீழே பூருகிற சாதி அவை.

தோமஸ் அடிசன் இலண்டனில் இந்த நோயை எழுதி வெளியிட்டது 1855இல். இங்கே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் எங்கள் பெடியளுக்கு வைத்தியம் படிப்பித்த காலம். சரியான மருந்து வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த வழியில், சுரப்பி அறுத்தெடுக்கப்பட்ட ஆய்வுகூட நாய்கள் எத்தனையோ செத்தன. 1950இல் அந்தச் சுரப்பி ஆய்வுக்காகக் கெண்டல், ரைக்ஸ்ரைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு. ராணியின் வாயில் குளிசையை வைக்கும்போது, அதன் இனத்துக்குப் பட்ட கடனில் ஒரு தவணை கட்டுவதாகவே எனக்குப் படும்.

“நாய்க்குச் சாகுமட்டும் குளிசையோ?” என்று மாமி கேட்டா. ஓம், சாகுமட்டும்தான். பிறெட்னிசலோன் மலிவு. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற புளூட்ரோகோர்ட்டிசோனுக்குத்தான் அலைச்சல். கேட்ட மாமி தன்ர பிறஷர் குளிசையை மறப்பா, ராணியின்ரதை மறக்கமாட்டா.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். நாயின் சொறிக்கென்று மாதக்கணக்காய்க் கொடுத்த பிறெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட்டை, மயிர் முளைத்ததும் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் நல்ல சுரப்பியும் வேலையை மறந்திருக்கும். ராணி நோயால் விழுந்தது, அந்த நாய் மருந்தை விட்டதால் விழும். படிப்படியாகக் குறையுங்கோ என்றால், “நாய்க்கும் அவ்வளவு கணக்கோ?” என்று சிரிக்கிறார்கள்.