பழைய கேமுக்கு எவ்வளவு புதுசு வேணும்?

ஹாஸ்டல்ல போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிச்ச சண்டை இது. இன்னும் முடியல. அதான் உட்கார்ந்து எழுதியே தீர்த்துடலாம்னு.

விஷயம் இதுதான். பழைய வீடியோ கேமை எடுத்து, ரீமேக் பண்ணியோ, சும்மா தூசி தட்டியோ திரும்ப விக்கிறாங்க இல்லையா... அதுல புதுசா எவ்வளவு இருந்தா நாம காசு கொடுக்கலாம்? "பாதியாவது புதுசா இருக்கணும், இல்லேன்னா அது ஏமாத்து வேலை"ங்கிறான் என் ரூம்மேட். "ஒண்ணுமே மாத்தக்கூடாது, மாத்தினா அது வேற கேம்"ங்கிறான் எதிர்க்கட்டில்காரன். நான் நடுவுல. (நடுவுல நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் அடி விழும்ங்கிறது தனிக்கதை.)

ரீ-ரிலீஸ் பத்திப் பேச எங்க ஊர்க்காரனை விடத் தகுதியான ஆள் கிடையாது. ஏன்னா எங்க மாவட்டமே ஒரு ரீ-ரிலீஸ்தான்! 2001ல பெரம்பலூர்லேருந்து பிரிச்சு அரியலூர் மாவட்டம்னு விட்டாங்க. 2002ல திரும்பப் பெரம்பலூரோடயே சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் ரிலீஸ். அதே ஊர், அதே வெயில், அதே சிமெண்ட் லாரி. ஆனா யாரும் "புதுசா என்ன இருக்கு?"ன்னு கோவிச்சுக்கலை. கலெக்டர்கிட்ட ஒரு மனு கொடுக்கப் பெரம்பலூர் வரைக்கும் பஸ் ஏற வேண்டாம்ங்கிற ஒரு வித்தியாசமே போதுமா இருந்துச்சு. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வருவேன்.

சரி, எனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை? சொந்தக்காசு போனதாலதான். மெஸ்ல காபி குடிக்காம, ஊருக்குப் போற பஸ் காசை மிச்சம் பிடிச்சு, ரெண்டு மாசம் சேர்த்து ஒரு ரீமேக் வாங்கினேன். பேர் வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட்ல மூணு ராத்திரி டவுன்லோட் ஆச்சு. போட்டுப் பார்த்தா... பளபளன்னு இருக்கு. அவ்வளவுதான். பழசுல எரிச்சல் படுத்தின கேமரா அப்படியே இருக்கு, பாதியில நிறுத்தி சேவ் பண்ண முடியாத தொல்லையும் அப்படியே இருக்கு. ரெண்டு மாசக் காபிக்கு ஒரு பெயிண்ட் அடிச்ச சுவர்!

அண்ணன்கிட்ட போன்ல புலம்பினேன். அவர் அமைதியா கேட்டார்: "நீ கேட்டது அதே கேம்தானேடா? அதே கேம்தானே கொடுத்திருக்கான்?"

எனக்குப் பதில் தெரியல. அதுலேருந்துதான் யோசிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல நாம மூணு வேற வேற விஷயத்தை ஒரே பேர்ல கூப்பிடுறோம்னு நினைக்கிறேன். சினிமாவை வச்சுச் சொன்னா சுலபமா புரியும். 2004ல வந்த கில்லியை 2024 ஏப்ரல்ல தியேட்டர்ல திரும்ப விட்டாங்க. படம் அதே படம், துல்லியம்தான் கூட. 1964ல வந்த கர்ணனை 2012ல படத்தையும் ஒலியையும் டிஜிட்டல்ல சரிபண்ணிக் கொண்டுவந்தாங்க. 2002ல வந்த பாபாவை 2022 டிசம்பர்ல திரும்ப விட்டப்போ வெட்டிச் சுருக்கி, சில இடத்துல புதுசா டப்பிங் பேசி, முடிவையே மாத்திட்டாங்க. மூணுமே ரீ-ரிலீஸ்தான். ஆனா கில்லிக்குப் போனவன் "புது சீன் எங்கே?"ன்னு கேட்கலை. அவன் காசு கொடுத்தது அந்த ஆயிரம் பேரோட சேர்ந்து விசில் அடிக்க.

ஆக, என்ன சொல்லி விக்கிறாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் நம்ம எதிர்பார்ப்பும். கேம்ல பிரச்னை வர்றது பெரும்பாலும் இங்கேதான். துடைச்சுக் கொடுத்துட்டு, கட்டிக் கொடுத்த விலை கேட்கிறது.

உதாரணத்துக்கு நின்டெண்டோ 2020 செப்டம்பர்ல மூணு பழைய மரியோ கேமை ஒண்ணா கட்டி விட்டுச்சு. உள்ளே பெரிசா மாற்றமில்லை. விலை புது கேமோட விலை, 60 டாலர். அதைவிடக் கொடுமை, 2021 மார்ச் 31 வரைக்கும்தான் விப்போம், அப்புறம் கிடையாதுன்னு சொன்னதுதான். பழசைப் பாதுகாக்கிறேன்னு சொல்லிட்டு அதுக்கே கெடு வைக்கிறது என்ன நியாயமோ!

ரெசிடெண்ட் ஈவில் வரிசையில ரெண்டு விதமும் இருக்கு. 1999ல வந்த மூணாவது பாகத்தை 2020ல ரீமேக் பண்ணினப்போ மணிக்கூண்டு மாதிரி பழைய இடங்களையே குறைச்சுட்டாங்கன்னு ரசிகர்கள் சண்டைக்கு வந்தாங்க. 2023 மார்ச்ல வந்த நாலாவது பாகத்தோட ரீமேக் நல்லா கட்டினதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அதுலயும் ஒரு குறும்பு. ஏடா வாங் ஆடுற தனிக்கதை 2005லயே பிளேஸ்டேஷன் 2 பதிப்புல சேர்ந்தே வந்தது. ரீமேக்ல அதை ஆறு மாசம் கழிச்சு தனியா 10 டாலருக்கு வித்தாங்க. நிறைய மாத்தி நல்லாவே செஞ்சிருந்தாங்கங்கிறது உண்மைதான். ஆனாலும் வீட்டோட வந்த கதவைக் கழட்டி, பாலிஷ் போட்டு நமக்கே விக்கிற மாதிரி இல்ல?

எல்லாத்துக்கும் மேல, 2021 நவம்பர்ல வந்த ஜிடிஏ மூணு கேம் தொகுப்பு. மழை பெய்தா எதிர்ல என்ன இருக்குன்னே தெரியல, கதாபாத்திரங்களோட முகம் பொம்மை மாதிரி, கடைப் பலகைகள்ல எழுத்துப்பிழை. வைஸ் சிட்டி கார் ரேடியோவுல வந்த மைக்கேல் ஜாக்சன் பாட்டெல்லாம் இல்லை. இதெல்லாம் கூட மன்னிக்கலாம். ஆனா இது வர்றதுக்கு முன்னாடியே பழைய ஒரிஜினல் மூணையும் டிஜிட்டல் கடைகள்லேருந்து தூக்கிட்டாங்க. உலகம் முழுக்கத் திட்டு விழுந்த பிறகு ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்காவது பழசைத் திரும்ப விக்கிறோம்னு சொல்லுச்சு. 2024 நவம்பர்ல வந்த அப்டேட்லதான் பழைய வெளிச்சமும் நிறமும் ஓரளவு திரும்ப வந்துச்சு. மூணு வருஷம் ஆச்சு!

இப்போ என் கதைக்கு வரேன்.

2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அண்ணன் பிளஸ் டூ படிக்கிறப்போ ஒண்ணு வாங்கிட்டு வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்துல எங்க தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். யாரோ பென்டிரைவ்ல கொடுத்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அதுல இருந்துச்சு. (காசு கொடுத்து வாங்கினதில்லைதான். தப்புதான். அப்போ அது கடையில கிடைக்கும்னே எங்களுக்குத் தெரியாது.) கரண்ட் போனா பேட்டரி தீர்ற வரைக்கும் ஆட்டம். எனக்கு எட்டு வயசு. ஆடு மேய்க்கிற வேலை, அதாவது கேம்ல ஆடு தேடிக் கொண்டு வர்ற வேலை என்னோடது. சண்டை அண்ணனோடது.

அதுல சலாவுதீன் இருந்தார், ஜோன் ஆஃப் ஆர்க் இருந்தாங்க, செங்கிஸ்கான், பார்பரோசா, அட்டிலா, மாண்டிசூமா எல்லாரும் இருந்தாங்க. நான் ஒரு நாள் கேட்டேன், "நம்ம ஆளுங்க எங்கண்ணா?" தேடிப் பார்த்துட்டு, "நம்ம ஆளு இதுல இல்லடா, நீ போய் ஆடு பிடி"ன்னார்.

வீட்டுலேருந்து கொஞ்ச தூரத்துல கங்கைகொண்ட சோழபுரம். கடல் கடந்து படை அனுப்பின ராஜேந்திரனோட தலைநகர். அவர் கேம்ல இல்லைங்கிறது எட்டு வயசுல எனக்குப் பெரிய அநியாயமா பட்டுச்சு.

அந்தக் கேமோட பாதையைப் பாருங்க. 1999ல 13 நாகரிகங்கள். 2000ல வந்த விரிவாக்கத்தோட 18. அப்புறம் பல வருஷம் ஒண்ணுமில்லை. ரசிகர்களே சேர்ந்து 2012ல ஒரு விரிவாக்கம் செஞ்சாங்க, அது 2013ல அதிகாரப்பூர்வமாவே வந்துச்சு. அதுலதான் முதல் தடவையா 'இந்தியர்கள்'. மொத்த துணைக்கண்டத்துக்கும் ஒரே பேர், பேசுறது ஹிந்தி. 2019 நவம்பர்ல முழுசா புதுப்பிச்ச பதிப்பு, 20 டாலர். புது கிராபிக்ஸ், நாலு புது நாகரிகம், பழைய கேம்பெய்ன்களும் கூடவே. 2022 ஏப்ரல் 28ல அந்த ஒற்றை 'இந்தியர்களை' உடைச்சு, வங்காளிகள், கூர்ஜரர்கள், இந்துஸ்தானிகள், திராவிடர்கள்னு நாலாக்கினாங்க. திராவிடர்களுக்கு உறுமி வீசுற வீரன், திரிசடைன்னு ஒரு போர்க்கப்பல். ராஜேந்திரன் பேர்லயே ஒரு கேம்பெய்ன். 23 வருஷம் பழைய கேம்ல!

அண்ணன் 2016லேயே சிங்கப்பூர் போயிட்டார். நான் காலேஜ் லேப்டாப்ல இதை வாங்கினப்போ, அவரையும் அங்கே வாங்க வச்சேன். அவருக்கு இஷ்டமே இல்லை. "பழசு போதும்டா, இதுல எது எங்க இருக்குன்னே தெரியல"ன்னு முனகிட்டே வந்தார். ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல ஆடினோம். திராவிடர்களை எடுக்கச் சொன்னேன். ஆட்டம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் அவர் பக்கம் ஒரு அசைவும் இல்லை. லைன் போச்சுன்னு நினைச்சுப் போன் போட்டேன். "இருடா"ன்னார். வில்லேஜர் மேல கிளிக் பண்ணிக்கிட்டே இருந்திருக்கார். "டேய், இவன் தமிழ் பேசுறான்டா..."

அந்த ஆட்டத்துல அவர் தோத்துட்டார். ஆடு பிடிக்க ஆள் இல்ல, என்ன பண்ணுவார் பாவம். :-)

யோசிச்சுப் பார்த்தா, எங்களுக்கு அந்தக் கேம்ல கிடைச்ச 'புதுசு' மொத்தத்துல ஒரு சின்னத் துண்டு. சதவீதக் கணக்குல ரூம்மேட் சொல்ற பாதி எல்லாம் கிட்டயே வராது. ஆனா எங்க மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்த மாதிரி, எது இல்லாம குறையா இருந்துச்சோ அது வந்துச்சு. அதே சமயம் அண்ணனோட சலாவுதீனும் உள்ளேயே இருந்தார்.

அதுக்காக இதுல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சோழர், பாண்டியர், ஹொய்சாளர் எல்லாரையும் 'திராவிடர்கள்'னு ஒரே மூட்டையில கட்டினது முன்னாடி செஞ்ச அதே தப்போட சின்னப் பதிப்பு. 2025 மே மாசம் சீனாவோட மூன்று ராஜ்ஜியக் காலத்தைச் சேர்த்தப்போ, இடைக்காலக் கேம்ல மூணாம் நூற்றாண்டு எதுக்குன்னு பழைய ஆட்டக்காரங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. புதுசு கூடக்கூட பழசு கரையவும் செய்யும். இன்னொண்ணு, அண்ணனோட அரசு லேப்டாப்ல இந்தப் புதுப் பதிப்பு ஓடவே ஓடாது. அன்னைக்கு மாதிரி அந்த லேப்டாப் மட்டுமே இருக்கிற ஒரு வீட்டுக்கு ராஜேந்திரன் இன்னும் வரலை.

ராஜேந்திரன்னதும் ஞாபகம் வருது. ரீமேக்குன்னா என்னன்னு அவர்கிட்டதான் கத்துக்கணும். அப்பா தஞ்சாவூர்ல 1010ல முடிச்ச பெரிய கோயில் சுமார் 216 அடி. மகன் இங்கே அதே பிரகதீஸ்வரர் பேர்ல கட்டினது சுமார் 180 அடிதான். அளவை வச்சுப் பார்த்தா குறைச்சல். ஆனா தஞ்சாவூர் விமானம் நேர்க்கோடா விறைப்பா ஏறும். இங்கே அது உள்வாங்கி வளைஞ்சு ஏறும். சண்டேசருக்குச் சிவன் தலையில பூ மாலை சுத்துற சிற்பத்தை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம். முக்கியமா, மகன் புதுசு கட்டுறதுக்காக அப்பா கட்டினதுலேருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கலை. இன்னைக்கு ரெண்டுமே நிக்குது. யாருக்கு எது பிடிக்குமோ அங்கே போகலாம்.

இதே ஊர்ல எதிர் உதாரணமும் இருக்கு. 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ, வெள்ளைக்காரங்க இந்தக் கோயிலோட மதில் கல்லை எடுத்துட்டுப் போய்த்தான் கட்டினாங்க. அணை தேவைதான், அந்தத் தண்ணியில சோறு விளையுது. ஆனா மதில் போனது போனதுதான். ஒரிஜினலைக் கடையிலேருந்து தூக்கினப்போ எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

ஆக என் கணக்கு இவ்வளவுதான். ஒண்ணு, பழசு பழசாவே கிடைக்கணும். ரெண்டு, அன்னைக்கு எரிச்சல் படுத்தினதை இன்னைக்காவது சரி பண்ணியிருக்கணும். மூணு, சேர்க்கிறது எவ்வளவு சின்னதா இருந்தாலும் அந்தக் கேம்ல காலியா இருந்த இடத்துல உட்காரணும். நாலு, துடைச்சதுக்குத் துடைச்ச விலை, கட்டினதுக்குக் கட்டின விலை.

அண்ணன் கேட்டதுக்கு இப்போ பதில் சொல்லத் தெரியுது. ஆமாண்ணா, அதே கேமைத்தான் கேட்டேன். ஆனா அது ரெண்டு மாசக் காபி விலைக்கு வர்றப்போ, அந்தக் கேமை ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தவன் செஞ்சதா இருக்கணும்னு நினைச்சேன்.

பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரார். பழைய லேப்டாப் அம்மா பீரோவுல புடவைக்கு அடியில இருக்கு. பேட்டரி செத்துப் போச்சு, சார்ஜர் ஒயரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா ஓடும். ஒரு நாளாவது அதுல ஆடணும்னு சொல்லியிருக்கார். ஒயரைப் பிடிக்கிற வேலை யாருக்குன்னு கேட்கவே வேண்டாம்.

பி.கு: ரூம்மேட் இதைப் படிச்சுட்டு "அப்போ பாதி வேண்டாம், கால்வாசி"ன்னு இறங்கி வந்திருக்கான். சண்டை தொடரும்...