கன்னத்துச் சிவப்புக் கோடுகள்

ஐம்பதைத் தாண்டியவர்களின் கன்னத்திலும் மூக்கோரத்திலும் தெரியும் மெல்லிய சிவப்புக் கோடுகள், விரிந்துபோன நுண்ரத்தக் குழாய்கள். பல்லாண்டு வெயில் தோலின் கொலாஜனைச் சிதைக்க, பிடிமானம் இழந்த குழாய்கள் அகன்றே நின்றுவிடுகின்றன. க்ரீம் அவற்றை மூடாது, லேசரால் முடியும். மாநிறத்தவருக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மெலனின் அந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். "க்ரீம் போட்டதும் சிவப்பு குறைந்ததே?" என்பார்கள். அதில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் குறையத்தான் செய்யும். குழாய் தற்காலிகமாகச் சுருங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, கோடுகள் இன்னும் பெருகும். 2018இல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டின்றி விற்க இந்திய அரசு தடைவிதித்தது. அதன் பிறகும் சிவப்பழகுக்கென்று அவற்றைக் கேட்டு வாங்குவது என்னைக் கலங்கவைக்கிறது. மாநிறத்துக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு என்பதும் சரியல்ல. மெலனின் வெயிலை ஓரளவே தடுக்கும். தினமும் எஸ்பிஎஃப் 30 பூசுங்கள், ஸ்க்ரப்பை விட்டுவிடுங்கள்.