இடைவெளியை அறிதல்

பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியுமில்லை. எங்கே பிரிப்பது என்று துணிந்த பின்னரே பொருள் புலப்படும். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாட்டில் இதுவும் ஒரு பகுதி. இவ்விடர்ப்பாடு கணனிக்கும் உண்டென்பதைப் பேராதனையில் என் கைக்கு வந்த காந்த நாடா ஒன்று உணர்த்திற்று.

ஹந்தானை, கலஹாப் பகுதித் தோட்டக் குடும்பங்களைப் பற்றி 1970களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் தரவுகள் அதில் இருந்தன. வினாப்படிவங்கள் எஞ்சவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. ஆய்விற் கலந்துகொண்டோரிற் பலரும் பின்னர்க் கடல் கடந்தனர். அவர்கள் இங்கு வாழ்ந்தமைக்கு அந்நாடாவும் ஒரு சான்று. அதன் மேலொட்டிய தாளோ கண்டியின் ஈரத்தில் மங்கிவிட்டது. தரவு எவ்வளவு நீளமான தொகுதிகளாக எழுதப்பட்டது என்பதை அறிய வழியில்லை.

தொகுதி எதற்கு? நாடா ஓடத் தொடங்கவும் நிற்கவும் இடம் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு தொகுதிக்கும் பின் 0.6 அங்குலம் வெறுமையாக விடப்படும். அங்குலத்துக்கு 1600 எழுத்துக் கொள்ளும் நாடாவில், 80 எழுத்துடைய துளையட்டை ஒன்றுக்கு 0.05 அங்குலமே போதும். அட்டைக்கு அட்டை இடைவெளி விட்டால், 2400 அடி நாடா ஏறத்தாழ 35 இலட்சம் எழுத்தையே ஏற்கும். நாற்பது அட்டைகளை ஒன்றாகத் தொகுத்தால் அது பத்து மடங்காகும்.

தொகுதியின் நீளத்தை அறிய நாடாவையே வினவுதல் வேண்டும். இயக்கியை மாறுநீள நிலையில் வைத்து, யுனிக்ஸ் முறைமையின் டிடி கட்டளையால் 65,536 எழுத்தை ஒரே தடவையிற் கேட்டோம். எவ்வளவு கேட்பினும் இயக்கி ஒரு வாசிப்பில் ஒரு தொகுதியையே தரும். வந்த எழுத்துகளின் தொகையே அதன் நீளம். தொகுதியினுஞ் சிறிதாகக் கேட்டாற் பிழையே விடையாகும்.

முதல் மூன்று விடைகளும் 80. இதனையே தரவின் அளவெனக் கொள்ளலாகாது. அவை ஐபிஎம் முறைப்படியான தலைப்புகள். மூன்றாவது தலைப்பினுள் 03200 என்ற இலக்கங்கள் இருந்தன. நாடாக்குறியைக் கடந்ததும் 3200, 3200 எனத் தொகுதிகள் வந்தன. ஈற்றுத் தொகுதி மட்டும் 1840. இரண்டும் 80ஆல் மீதியின்றி வகுபட்டன. ஐயம் தீர்ந்தது.

ஓர் அட்டைக்கு ஒரு குடும்பம்: லயன் அறை, உறுப்பினர் தொகை, பிரஜாவுரிமை நிலை. பெயர்கள் இல்லை. எனினும் தொகுதியின் எல்லையை ஓரெழுத்துத் தவறக் கொண்டிருப்பின், ஒரு வீட்டின் பிள்ளைகள் அடுத்த வீட்டிற் சேர்ந்திருப்பர். உரிமை பெற்றவர் உரிமையற்றவராகியிருப்பர். வாழ்நாளில் ஒருமுறை தவறாகக் கணக்கிடப்பட்டோரை நாமும் மறுமுறை அவ்வாறு செய்தலாகாது. பழந்தரவைக் காப்போர் எழுத்தோடு அதன் இடைவெளியையும் குறித்து வைத்தல் கடன்.